புகையும் வனிலாவும் கிராம்பும்

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஷெர்ரி பீப்பாயில் 25 வருடம் ஊறிய ஐலா விஸ்கியைச் சுவைத்தேன். முதலில் புகை, அப்புறம் வனிலா, கடைசியில் கிராம்பு. எல்லாமே பார்லியிலிருந்தா வருகிறது?"

இல்லை. பார்லி மாவுச்சத்தைத் தருகிறது. அது சர்க்கரையாகி, நொதித்து, செம்புப் பாத்திரத்தில் வடிக்கப்படுவதெல்லாம் பள்ளியில் படித்த வேதியியல்தான். நீங்கள் சொன்ன மூன்று வாசனைகளுக்கும் மூலம் லிக்னின். மரத்துக்கும் தண்டுக்கும் விறைப்பைத் தரும் பொருள் அது.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய ஐலா தீவில் பீட் ஏராளம். பாசியும் புல்லும் ஹெதர் புதரும் சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பாதி மட்கிக் கிடந்து உண்டான எரிபொருள் இது. முளைகட்டிய ஈர பார்லியை இதன் புகையில் உலர்த்துகிறார்கள். பாசியில் லிக்னின் கிடையாது. புல்லிலும் ஹெதர் தண்டிலும் உண்டு. அது நெருப்பில் உடையும்போது குவாயகால் பிறக்கிறது. ஆறு கார்பன் அணுக்கள் கோத்த ஒரு பென்சீன் வளையம், அதன் ஒரு மூலையில் ஹைட்ராக்சில் என்ற அணுத்தொகுதி, பக்கத்து மூலையில் மீத்தாக்சி என்ற இன்னொன்று. அவ்வளவுதான். உங்கள் மூக்கில் ஏறிய புகையில் பெரும் பங்கு இதற்குத்தான்.

இப்போது ஹைட்ராக்சிலுக்கு நேர் எதிர் மூலையில் ஓர் ஆல்டிஹைடு தொகுதியை ஒட்டுங்கள்: வனிலின்! அதை எடுத்துவிட்டு, மூன்று கார்பன் கொண்ட வால் ஒன்றை வையுங்கள்: யூஜினால். அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் கிராம்பின் வாசனை அதுதான். வளையத்தின் ஒரே ஒரு மூலையில் இருப்பதை மாற்றினால் புகை வனிலாவாகிவிடுகிறது என்பதை எப்போது நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கும். இவை இரண்டும் ஓக் பீப்பாயின் கொடை. உட்புறத்தை நெருப்பில் வாட்டும்போதே மரத்தின் லிக்னின் தளர்ந்துவிடும். மிச்ச வேலையை ஆல்கஹால் வருடக்கணக்கில் நிதானமாகச் செய்கிறது. பீப்பாயில் முன்பு இருந்த ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் தன் பங்குக்கு உலர்திராட்சை மணத்தைச் சேர்க்கிறது. வயது ஏற ஏறப் புகை அடங்குவதால்தான் 25 வருட விஸ்கியில் மூன்றும் ஒன்றையொன்று அமுக்காமல் தெரிகின்றன.

நிறம் அடர்ந்தால் வயது அதிகம் என்பது வெறும் நம்பிக்கை. கேரமல் நிறமி சேர்க்க ஸ்காட்ச் சட்டமே அனுமதிக்கிறது. எனக்கு இன்னொரு ஆதங்கமும் உண்டு: காகித ஆலைகளில் பிரிந்து வரும் லிக்னினில் பெரும்பகுதி கொதிகலனில் எரிந்துபோகிறது. இத்தனை மணங்கள் ஒளிந்திருக்கும் பொருளை ஆராய இன்னும் நிறையப் பணம் ஒதுக்க வேண்டும்.

சரி, சுவைக்கும்போது ஏன் சில சொட்டுத் தண்ணீர் விடுகிறார்கள்? சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், பிரீட்மன் இருவரும் இதைக் கணினியில் உருவகப்படுத்தி 2017இல் வெளியிட்டார்கள். ஆல்கஹால் 59 சதவீதத்தைத் தாண்டினால் அதன் மூலக்கூறுகள் குவாயகாலைச் சூழ்ந்து உள்ளேயே வைத்துக்கொள்கின்றன. 45 சதவீதம் வரை என்றால் ஆல்கஹால் மேற்பரப்பில் திரள்கிறது, குவாயகாலும் கூடவே மேலே வந்துவிடுகிறது. அதனால் பீப்பாயிலிருந்து வீரியம் குறைக்காமல் அடைத்த விஸ்கி என்றால், தண்ணீர் விடும் முன்பு ஒரு முறையும் விட்ட பின்பு ஒரு முறையும் முகர்ந்து பாருங்கள்.