சிரோசிஸ்: ஒரு நிறத்துக்கு வைத்த பெயர்

பெரியம்மா ஸ்கேன் ரிப்போர்ட்டை என் கையில் கொடுத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "இதுல சிரோசிஸ்னு போட்டிருக்காம். அது குடிக்கிறவங்களுக்கு வர்றதாமே? நான் என்னத்தடா குடிச்சேன், காப்பியத் தவிர?"

பெரியம்மாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. ஈரலில் கொழுப்பு படிந்திருப்பதாக முன்பே ஒருமுறை சொல்லியிருந்தார்கள், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது ஒரே ஒரு சொல் வந்து, நோயைச் சொல்வதற்கு முன்னால் ஒரு குற்றச்சாட்டைச் சொல்லிவிட்டது. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், அதில் குடியும் இல்லை, சாவும் இல்லை. இருப்பது ஒரு நிறம் மட்டும்.

ஈரலைத் தாக்கும் இந்த நோய்க்குச் சிரோசிஸ் என்ற பெயரை வைத்தவர் ரெனே லெனெக் என்ற பிரெஞ்சு மருத்துவர். ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்தவரும் இவர்தான். அந்தக் கருவியைப் பற்றி 1819இல் அவர் வெளியிட்ட நூல் நெஞ்சு நோய்களைப் பற்றியது. அதில் ஒரு நோயாளியின் பிரேதப் பரிசோதனையை விவரிக்கும் இடத்தில் ஈரலும் வருகிறது. சுருங்கிப்போன ஈரல், அறுத்துப் பார்த்தால் உள்ளே முழுக்கச் சின்னச் சின்ன மணிகள், பழுப்பு கலந்த மஞ்சளில். கிரேக்க மொழியில் அந்த நிறத்துக்கு 'கிர்ரோஸ்' என்று பெயர். அதையே எடுத்து நோய்க்கு வைத்துவிட்டார். நம் மொழியில் அந்த நிறத்துக்குக் கபிலம் என்ற பழைய சொல் உண்டு. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் சிரோசிஸ் என்பது 'கபில நோய்', அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை. சிரோசிஸ் என்றால் 'இறுகிப்போதல்' என்று பொருள் என நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஈரல் இறுகுவது உண்மை, ஆனால் சொல்லின் பொருள் அது அல்ல. கிரேக்கத்தில் 'ஸ்கிர்ரோஸ்' என்று இன்னொரு சொல் உண்டு, அதற்குத்தான் 'கடினமானது' என்று பொருள். கல்போன்ற கட்டிகளை அந்தக் காலத்தில் அந்தப் பெயரால் அழைத்தார்கள். ஈரலில் காணும் இந்த மணிகளையும் எல்லோரும் அதோடு போட்டுக் குழப்புகிறார்களே, வேறு பெயர் வேண்டும் என்றுதான் லெனெக் நிறத்தைப் பிடித்தார். குழப்பத்தைத் தீர்க்க வைத்த பெயர், ஓர் எழுத்து வித்தியாசத்தில் அதே குழப்பத்துக்குள் போய் விழுந்தது. போதாக்குறைக்கு, அந்த மணிகள் புதிதாக முளைத்த வளர்ச்சி என்று அவர் நினைத்ததும் சரியில்லை.

நடப்பது வேறு. கல்லீரலுக்கு அடி பட்டுக்கொண்டே இருக்கிறது. அடிப்பது மதுவாக இருக்கலாம், ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸாக இருக்கலாம், சர்க்கரையோடும் உடல் எடையோடும் சேர்ந்து வரும் கொழுப்பாக இருக்கலாம், உடலின் சொந்த நோய் எதிர்ப்பு சக்தியாகவும் இருக்கலாம். வெளியே முழங்காலில் காயம் ஆறினால் தழும்பு விழுகிறதல்லவா, உள்ளேயும் அப்படித்தான், நார் நாராகத் தழும்பு விழுகிறது. அது பல வருடம் தொடர்ந்தால் நார்கள் ஒன்றோடொன்று கைகோத்து, ஈரலைக் குட்டிக் குட்டி அறைகளாகத் தடுத்துவிடும். அந்த அறைகளுக்குள் மிச்சமிருக்கும் நல்ல செல்கள் பெருகி உருண்டு திரண்டு நிற்கும். லெனெக் பார்த்த மணிகள் இவைதான். ஆக, முழுதும் பரவிய தழும்பு ஒன்று, திரண்ட முடிச்சுகள் ஒன்று. இரண்டும் சேர்ந்திருந்தால்தான் சிரோசிஸ். முடிச்சு இல்லாத வெறும் தழும்பு அதற்கு முந்தைய கட்டம், அதற்கு ஃபைப்ரோசிஸ் என்று பெயர்.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல்வது? புழக்கத்தில் நாலைந்து இருக்கின்றன. அவற்றில் இரண்டை நான் ஒதுக்கியே விடுவேன்.

முதலாவது 'கல்லீரல் அரிப்பு'. கரையான் அரிக்கிற மாதிரி ஈரல் அரிக்கப்படுகிறது என்ற எண்ணத்தில் வந்த சொல் போலிருக்கிறது. ஆனால் எதுவும் அரிக்கப்படவில்லை, தழும்புதான் கூடுகிறது. அதோடு, பித்தம் தடைபடும் ஈரல் நோய்களில் உடம்பெல்லாம் நிஜமாகவே அரிக்கும், ராத்திரி தூங்கவிடாமல் அரிக்கும். நோயின் பெயரும் அறிகுறியின் பெயரும் ஒன்றாக இருந்தால், "எனக்குத்தான் அரிக்கவே இல்லையே" என்று ஒருவர் மாத்திரையை நிறுத்திவிடக்கூடும்.

இரண்டாவது 'கல்லீரல் வீக்கம்'. முற்றிய சிரோசிஸில் ஈரல் பெரும்பாலும் சுருங்கித்தான் இருக்கும். வீங்குவது வயிறும் காலும். அப்படியானால் 'ஈரல் சுருக்கம்' சரியா? பாதி சரி. ஆரம்பத்தில் பெருத்திருக்கும் ஈரலும் உண்டு.

கலைச்சொல்லாக எழுதுகிறவர்கள் 'கல்லீரல் இழைநார் வளர்ச்சி' என்கிறார்கள். பொருள் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் அது ஃபைப்ரோசிஸுக்குத்தான் நன்றாகப் பொருந்தும். மேலும் 'வளர்ச்சி' என்ற சொல் தமிழ்க் காதுக்கு நல்ல செய்தி மாதிரி ஒலிக்கிறது. 'கரணை நோய்' என்றும் ஒரு சொல் உண்டு. கரும்பு நடும்போது கணுவோடு வெட்டி வைக்கும் துண்டைக் கரணை என்போம். உருண்டு திரண்டது, முடிச்சு விழுந்தது என்ற சாயல் அதில் இருக்கிறது. இங்கிலாந்தில் முன்பு இந்த ஈரலை, பூட்ஸின் அடியில் அறையும் தடித்த தலை ஆணிகளோடு ஒப்பிட்டுப் பேசினார்கள். அதற்குக் கரணை ஒன்றும் குறைந்ததில்லை, கேட்பதற்கும் நன்றாக இருக்கிறது. ஒரே குறை, சொன்னால் யாருக்கும் புரியாது.

என் ஓட்டு 'கல்லீரல் தழும்பு நோய்' என்பதற்கு. முடிச்சைச் சொல்லவில்லையே என்றால், சொல்லவில்லைதான். ஆனால் தழும்பு என்றதும் யாருக்கும் மூன்று விஷயம் தானாகப் புரிகிறது: முன்பு ஏதோ காயம் நடந்திருக்கிறது, அது ஒரே நாளில் வந்ததல்ல, காயப்படுத்துவதை நிறுத்தினால் மேற்கொண்டு தழும்பு விழாது. கட்டுரை எழுதும்போது சிரோசிஸ் என்றே எழுதி, முதல் தடவை இந்த விளக்கத்தைச் சேர்த்துவிடலாம். வீட்டில் பேசும்போது 'தழும்பு' போதும்.

'கல்லீரல்' என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஈரல் என்று தமிழ் ஒரே குடும்பமாக வைத்திருக்கிறது: நுரையீரல், மண்ணீரல், கல்லீரல். நுரைபோல் லேசானது ஒன்று, கல்போல் கெட்டியானது ஒன்று. ஒப்பிடும்போதுதான் கல், நல்ல ஈரல் தொட்டால் மெத்தென்று இருக்கும். அந்த மென்மையைத்தான் ஃபைப்ரோஸ்கேன் என்ற கருவி அளக்கிறது. விலா எலும்புகளுக்கு இடையில் ஒரு முனையை வைத்து மெல்ல ஒரு தட்டு, அந்த அதிர்வு ஈரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்க்கிறார்கள். இறுகிய ஈரலில் வேகமாக ஓடும். முடிவு கிலோபாஸ்கல் என்ற அலகில் வரும். ஏழுக்குக் கீழே இருந்தால் பொதுவாக நிம்மதி, பதினைந்துக்கு மேலே போனால் பெரும்பாலும் முற்றிய தழும்பு. சாப்பிட்டவுடன் எடுத்தால் எண் ஏறிவிடும், அதனால் மூன்று மணி நேரமாவது வெறும் வயிற்றில் போக வேண்டும்.

சாப்பிட்டால் எண் ஏன் ஏற வேண்டும்? இங்கேதான் குடலும் ஈரலும் ஒரே குடும்பம் என்பது தெரிகிறது. ஈரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு, குடல், இரைப்பை, மண்ணீரல் எல்லாவற்றிலிருந்தும் சேர்ந்து 'போர்ட்டல்' சிரை வழியாக வருகிறது. சாப்பிட்டதும் அந்த வரத்து கூடும், அதனால்தான் எண் ஏறுகிறது. லத்தீனில் 'போர்ட்டா' என்றால் வாசல். வாசலுக்குள் தழும்பு அடைத்துக்கொண்டால், வந்த ரத்தம் வெளியே தேங்கும். உணவுக்குழாயின் அடிப்பகுதியில் சிரைகள் புடைக்கும், அவை வெடித்தால் ரத்த வாந்தி, தார்போலக் கறுத்த மலம். மண்ணீரல் பெருக்கும். வயிற்றுக்குள் நீர் கசியும். இந்த நீருக்கு ஆங்கிலத்தில் உள்ள அசைட்டிஸ் என்ற பெயர், கிரேக்கத்தில் 'அஸ்கோஸ்', அதாவது திராட்சை மது ஊற்றி வைக்கும் தோல்பையிலிருந்து வந்தது. நம்மிடம் மகோதரம் என்ற சொல் உண்டு. மகா, உதரம், பெரிய வயிறு. சுத்தத் தமிழில் பெருவயிறு. அவர்கள் பையைப் பார்த்தார்கள், நாம் வயிற்றைப் பார்த்தோம்.

ரிப்போர்ட்டில் சிரோசிஸைவிட முக்கியமான சொல் ஒன்று அதன் பக்கத்திலேயே இருக்கும், யாரும் கவனிப்பதில்லை: 'காம்பென்சேட்டட்' அல்லது 'டிகாம்பென்சேட்டட்'. தழும்பு இருந்தாலும் மிச்ச ஈரல் வேலையைச் சமாளித்தால் முதலாவது. வயிற்றில் நீர், மஞ்சள் காமாலை, ரத்தக் கசிவு, புத்தித் தடுமாற்றம் இவற்றில் ஒன்று வந்துவிட்டால் இரண்டாவது. இதற்குத் தமிழில் அகராதி புரட்டவே வேண்டாம். ஈடு கொடுக்கிறது, ஈடு கொடுக்கவில்லை. ஈடு கொடுக்கும் ஈரலோடு பல வருடம் நன்றாகவே வாழலாம். வைரஸுக்கு மருந்து எடுத்து, மதுவை விட்டு, எடையைக் குறைத்து, காரணத்தைப் பிடுங்கிவிட்டால், பலருக்குத் தழும்பே ஓரளவு கரைகிறது. அதனால் 'க்ரானிக்', அதாவது நாள்பட்ட, என்பதைத் 'தீராத' என்று மொழிபெயர்க்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். ஈரல் அழற்சி ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்டது. ஹெபடைட்டிஸ் சி நாள்பட்டதுதான், ஆனால் இன்றைய மாத்திரைகளில் பெரும்பாலோருக்கு மூன்று மாதத்தில் தீர்ந்தே போகிறது.

பெயர் மனிதரைக் குத்தும் என்பதை மருத்துவ உலகமும் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஈரலின் சின்னப் பித்தக் குழாய்களைத் தாக்கும் ஒரு நோய்க்குப் பெயரிலேயே சிரோசிஸ் இருந்தது. அது வந்த பலருக்குச் சிரோசிஸே இல்லை; பெரும்பாலும் பெண்கள், குடியர்களைப் போலப் பார்க்கப்பட்டார்கள். அவர்களே கேட்டு, 2015இல் 'கொலாங்கைட்டிஸ்', அதாவது பித்தக் குழாய் அழற்சி என்று மாற்றினார்கள். 2023இல் 'மது சாராத கொழுப்பு ஈரல்' என்ற பெயரும் போய், வளர்சிதை மாற்றக் கோளாற்றோடு சேர்த்து ஒரு புதுப் பெயர் வந்தது. 'மது சாராத' என்று சொன்னாலும் மது பெயருக்குள் வந்துவிடுகிறதே.

பெரியம்மா விஷயத்துக்கு வருகிறேன். தழும்பு என்று சொல்லி, கையிலிருந்த பழைய தீக்காயத்தைக் காட்டினேன். "அப்ப உள்ள இந்த மாதிரியா?" என்று தடவிப் பார்த்துக்கொண்டார். அதற்கப்புறம் பேச்சு எளிதாகிவிட்டது. வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கும் பழக்கம் நின்றது. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகையறாக்கள் சிறுநீரகத்தையும் கெடுக்கும், ரத்தக் கசிவையும் தூண்டும். யாரோ கொடுத்த மூலிகைப் பொடியையும் தூக்கி வைத்தோம். மூலிகை என்பதற்காக ஈரல் அதைச் சும்மா விட்டுவிடாது. ஈரல் நோய் என்றால் பருப்பும் முட்டையும் கூடாது என்று பழைய ஆட்கள் சொல்வது தப்பு. எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும், இல்லாவிட்டால் சதை கரையும். இரவில் நெடுநேரம் பட்டினி கூடாது, படுக்கப்போகும் முன் ஏதாவது கொஞ்சம் சாப்பிட வேண்டும். வயிற்றில் நீர் வந்தவர்களுக்கு உப்பு நாளைக்கு 5 கிராமைச் சுற்றி, அதாவது சமையலும் ஊறுகாயும் சேர்த்து ஒரு டீஸ்பூன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், ஏனென்றால் தழும்பு ஏறிய ஈரலில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுதல், சிறிதாக இருக்கும்போதே பிடித்தால் வழி உண்டு. தூக்கம் தலைகீழாகி, கையெழுத்து கோணலாகி, பேச்சு தடுமாறினால் அது வயசுக் கோளாறு அல்ல. குடலில் உண்டாகும் அம்மோனியாவை ஈரல் வடிகட்டாமல் விட்டதன் அடையாளமாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

காப்பியை விட வேண்டியதில்லை. காப்பி குடிப்பவர்களுக்குச் சிரோசிஸ் குறைவாக வருவதாகத்தான் ஆய்வுகள் காட்டுகின்றன. இதைச் சொன்னபோது பெரியம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே.

போன மாதம் மருத்துவரிடம் போனோம். ரிப்போர்ட்டை அவர் பிரிப்பதற்குள் பெரியம்மாவே கேட்டுவிட்டார்: "டாக்டர், ஈரல் இன்னும் ஈடு கொடுக்குதா?" அவர் நிமிர்ந்து பார்த்து, "கொடுக்குதும்மா" என்றார்.