யாரும் போடாத கோடு

நீர்வண்ணத்தில் மேகம் தீட்டியதும், ஈரம் காயாத வரை அழகாகத்தான் இருக்கும். அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், விளிம்பு முழுக்கக் கருநீலக் கோடு. புதிதாகப் பழகுகிறவர்கள் இதைத் தங்கள் கைப்பிழை என்றே நினைத்து மனம் தளர்ந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தக் கோட்டைப் போட்டது தண்ணீர்.

மேசையில் சிந்திய காபி காய்ந்தால் நடுவே வெளிறி, ஓரத்தில் மட்டும் கறுத்த வளையம் நிற்குமே, அதே கதைதான். சிகாகோ பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 1997இல் இதன் காரணத்தை விளக்கினார்கள். துளியின் விளிம்பு, பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களில் சிக்கி நகராமல் நின்றுவிடுகிறது. அங்கே நீர் வேகமாக ஆவியாகிறது. அதை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடுகிறது. ஓடும்போது நிறத்துகள்களையும் இழுத்துக்கொண்டு போகிறது. நீர் பறந்துவிடும், துகள் அங்கேயே தங்கிவிடும்.

சுற்றிலும் காகிதம் உலர்ந்திருந்தால்தான் இந்த விளிம்பு உருவாகும். காகிதத்தை முன்பே நனைத்துக்கொண்டால், வண்ணம் எல்லையில்லாமல் மெல்லக் கரைந்து பரவும். மூடுபனிக்கும் தூரத்து மலைக்கும் அதுதான் வழி. உலர்ந்த காகிதத்தில் தீட்டிய பிறகு கோடு வேண்டாம் என்று தோன்றினால், காய்வதற்குள் சுத்தமான ஈரப் பிரஷ்ஷால் விளிம்பை ஒருமுறை வருடிவிடுங்கள்.

இதைவிட அதிகம் படுத்துவது, பாதி காய்ந்த வண்ணத்தின் நடுவே திடீரென்று காலிஃபிளவர் போல விரியும் கறை. காகிதத்தில் இருப்பதைவிடப் பிரஷ்ஷில் நீர் அதிகமாக இருந்தால், புது நீர் பழைய துகள்களைத் தள்ளிக்கொண்டு போய் வேறோர் ஓரத்தில் குவித்துவிடும். காகிதத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். பளபளப்பு முழுதாக இருந்தால் இன்னும் வண்ணம் சேர்க்கலாம். மங்கத் தொடங்கிவிட்டால் கையை எடுத்துவிட வேண்டும். முழுக்கக் காய்ந்ததா என்று அறியப் புறங்கையால் லேசாகத் தொட்டால் போதும். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் நீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. சென்னையின் மழைக்காலக் காற்றில் காயும் நேரம் வெகுவாக நீளும். அதனால் கடிகாரத்தை நம்பாமல் காகிதத்தைத் தொட்டுப் பார்ப்பதே நல்லது.

இத்தனைக்கும் நீர் கொஞ்ச நேரமாவது மேலே நிற்க வேண்டுமே! நல்ல பருத்திக் காகிதத்தில் பெரும்பாலும் ஜெலட்டின் ஏற்றியிருப்பார்கள். அதுதான் நீரைச் சட்டென்று உள்ளே இறங்க விடாமல் தாங்குகிறது. சாதாரண வரைதாள் உடனே குடித்துவிடும், நெளியவும் செய்யும். பழகுவதற்கு மலிவுத் தாள் போதும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாளைச் சின்னச் சின்னதாக வெட்டிப் பழகுங்கள். சிக்கனத்தை வண்ணத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

வண்ணத்தைத் தாளில் ஒட்டவைப்பது வேல மர இனத்தின் பிசின். காய்ந்த பிறகும் அது நீரில் கரையும். தட்டில் காய்ந்துபோன வண்ணம் ஒரு சொட்டு நீரில் உயிர்பெறுவது இதனால்தான். ஒரு பூச்சின் மேல் இன்னொன்றைத் தேய்க்காமல், ஒரே இழுப்பில் போட வேண்டும் என்பதும், முடித்த படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் வேண்டும் என்பதும் இதனால்தான். ஈரமான தட்டை அப்படியே மூடிவைத்தால் பூஞ்சை பிடிக்கும், ஜாக்கிரதை.

அப்புறம் பிரஷ். அதை நீர்க் குவளையில் தலைகீழாக ஊறவிடாதீர்கள். முனை வளைந்துபோகும், உலோகப் பட்டைக்குள் நீர் இறங்கி மரப்பிடி ஊதும். கழுவி, விரலால் முனையைக் கூராக்கிப் படுக்கவைத்துக் காயவிடுங்கள்.

கடைசியாக வெளிச்சம். இங்கிலாந்தில் ரஸ்ஸல், ஆப்னி என்ற இரு அறிவியலாளர்கள் நீர்வண்ணங்களை ஒளியில் வைத்துச் சோதித்து 1888இல் அறிக்கை தந்தார்கள். ஈரமும் ஆக்சிஜனும் இல்லாத இடத்தில் பெரும்பாலான வண்ணங்கள் ஏறக்குறைய அப்படியே நின்றன. நம் வீட்டுச் சுவரில் இரண்டுக்கும் குறைவில்லை. நம் பெட்டிகளில் அடிக்கடி காணப்படும் அலிசரின் கிரிம்சன் சிவப்பு வெளிச்சத்தில் வெளிறக்கூடியது. காவி மண் நிறங்கள் பல்லாண்டு நிற்கும். உங்களிடம் உள்ள வண்ணங்களை ஒரு தாளில் பட்டை பட்டையாகத் தீட்டி, பாதியைக் கெட்டி அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் ஒட்டிவிடுங்கள். சில மாதங்கள் கழித்து அட்டையை எடுத்தால், எந்த வண்ணக் குழாயை இனி வாங்கக்கூடாது என்று அந்தத் தாளே காட்டிவிடும்.