"எப்படி ஆச்சு?" என்று கேட்பதற்கு முன்

ஸ்கூட்டரில் போகும்போது லாரி மோதிய ஒரு பெண் மனநல சிகிச்சைக்காக என்னிடம் வந்தார் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). எலும்பு கூடிவிட்டது. ஆனால் ஹாரன் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்குகிறது. "தப்பு என்னுடையதுதான் மேடம்" என்றார். முதல் வாரம் அப்படித் தோன்றவில்லையாம். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் முதலிலிருந்து கதை கேட்டு, "கொஞ்சம் பார்த்துப் போயிருக்கலாமே" என்று முடித்திருக்கிறார்கள். ஆப்பிள் பையோடு அதையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அது அவர் நினைவுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. எப்படி?

2000-ல் நியூயார்க்கில் மூளை ஆய்வாளர்கள் கரீம் நாடெர், கிளென் ஷேஃப், ஜோசப் லெடூ மூவரும் எலிகளுக்கு ஓர் ஒலியையும் மின்னதிர்ச்சியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பிறகு ஒலி கேட்டாலே எலிகள் பயத்தில் உறைந்தன. மறுநாள் அந்த ஒலியைக் கேட்கவைத்து, உடனே மூளையில் பய நினைவுக்கு முக்கியமான அமிக்டலா என்ற பகுதியில், புதுப் புரதம் உருவாவதைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். நினைவு நிலைத்துப் பதிய அந்தப் புரதம் வேண்டும். அடுத்த நாள் பயம் வெகுவாகக் குறைந்திருந்தது. ஒலியே கேட்காத எலிகளிடம் அதே மருந்து பலிக்கவில்லை. கேட்டு 6 மணி நேரம் கழித்துக் கொடுத்தாலும் பலிக்கவில்லை. அதாவது, கிளறிய நினைவு சில மணி நேரம் இளகி நின்று, மறுபடி இறுகுகிறது. இளகிய நேரத்தில் காதில் விழும் பழிச்சொல்லும் அதோடு சேர்ந்து இறுகிவிடலாம்.

மனிதர்களிடம்? ஆம்ஸ்டர்டாமில் மெரெல் கிண்ட் குழு 2009-ல் வெளியிட்ட ஆய்வில், முதலில் சில படங்களைக் காட்டி, ஒன்றோடு மட்டும் மின்னதிர்ச்சி கொடுத்துப் பயத்தைப் பதித்தார்கள். அடுத்த நாள் புரோப்ரனோலால் என்ற இரத்த அழுத்த மாத்திரை 40 மில்லிகிராம் கொடுத்து அந்தப் பய நினைவைத் தூண்டினார்கள். மறுநாள் உடம்பு திடுக்கிடவில்லை. எந்தப் படத்துக்குப் பின் அதிர்ச்சி வந்தது என்பது மட்டும் நன்றாக நினைவிருந்தது. சம்பவம் அழியாது, அதன் பயம்தான் குறையும். ஆனால் சில ஆய்வுகளில் இது பலிக்கவில்லை. நினைத்த மாத்திரத்தில் ஒவ்வொரு நினைவும் இளகுவதுமில்லை. அதனால் நான் யாருக்கும் உறுதி கொடுப்பதில்லை. அப்புறம், அந்த மாத்திரையை நீங்களாக மருந்துக் கடையில் கேட்காதீர்கள். ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சையே அடைத்துவிடலாம்.

அந்தப் பெண்ணுக்கு மாத்திரை தரவில்லை. நிதானமாக ஒருமுறை சொல்லவைத்தேன். லாரி வரும் இடத்தில் நிறுத்தி, "சிக்னல் என்ன நிறம்?" என்றேன்.

வெகுநேரம் பேசவில்லை. "பச்சை" என்றார். அழுதார்.

பல அமர்வுகள் ஆயின. போன மாதம் தம்பியின் பைக்கில் வந்து இறங்கினார். "வழியில் ஒரு லாரி ஹாரன் அடித்தது மேடம். தம்பி சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான்."