தரையை விட்டும் ஏறாத விமானம்

பயிருக்கு மருந்தடிக்கும் விமானத்துக்கு ஆபத்து வயலில்தான், மின்கம்பிக்கும் பயிருக்கும் நடுவே புகுந்து பறக்கும்போதுதான் என்று நினைப்போம். அது சரிதான். ஆனால் அதற்கும் முன்னால், ஓடுபாதையை விட்டுக் கிளம்பும் அந்தக் கொஞ்ச நேரமும் அதே அளவு கவனிக்க வேண்டியது.

டெக்சாஸில் தயாராகும் ஏர் டிராக்டர் ஏடி-802ஐ எடுத்துக்கொள்வோம். விமானிக்கு முன்னால் உள்ள தொட்டி சுமார் 3,000 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் கணக்கில் 3 டன். விமானத்தின் உச்ச எடையே ஏறக்குறைய 7.25 டன்தான்! காலித் தொட்டியோடு லேசாக வந்து இறங்கிய விமானம், சில நிமிடங்களில் இந்தச் சுமையோடு மறுபடி ஓடுகிறது. ஒரே நாளில் பல தடவை.

எடை 10 சதவீதம் கூடினால் ஓட வேண்டிய தூரம் குறைந்தது 21 சதவீதம் கூடும். எழும்பக் கூடுதல் வேகம் வேண்டும். அந்த வேகத்தை எட்டவும் அதிக நேரம் பிடிக்கும். மருந்து லாரி நிற்கும் முனையிலிருந்தே கிளம்பிவிடலாம் என்று பின்காற்றில் ஓடினாலும் இதே கதிதான். எழும்பும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு பின்காற்று இருந்தால் போதும், தூரம் 21 சதவீதம் நீளும். வெயில் வேறு. கடல் மட்டத்திலேயே 35 டிகிரி அடித்தால், 700 மீட்டர் உயரத்தில் இருப்பதுபோல் காற்று மெலிந்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு விமானம் எழும்பிவிடும் என்பதுதான் மோசம். தரையை ஒட்டிப் பறக்கையில், இறக்கை நுனிகளில் உருவாகும் சுழல்காற்றைத் தரை அடக்கிவிடுகிறது. ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு நுனி வரையுள்ள நீளத்தில் பத்தில் ஒரு பங்கு உயரத்தில், தூக்குவிசையோடு சேர்ந்து வரும் பின்னிழுப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். அதனால் ஏறவே முடியாத சுமையோடும் சக்கரம் தரையை விடுகிறது. கொஞ்சம் மேலே போனதும் பின்னிழுப்பு திரும்புகிறது, எஞ்சின் திணறுகிறது. எதிரே மரங்கள். விமானி மூக்கைத் தூக்குவார். வேகம் இன்னும் குறையும். காற்று இறக்கையை விட்டுப் பிரியும். அப்புறம் விழுவதுதான்.

தப்பிக்க ஒரு கைப்பிடி உண்டு. அதை இயக்கினால் தொட்டியின் அடிக்கதவு திறந்து, சுமை சில நொடிகளில் கொட்டிவிடும். ஆனால் சுமை போனதும் மூக்கு வெடுக்கென்று மேலே எழும். அந்த நொடியிலேயே மூக்கை ஏற்றி இறக்கும் ஸ்டிக்கை முன்னால் தள்ளிப் பிடிக்காவிட்டால், ஏற்கெனவே வேகம் குறைந்த விமானம் அங்கேயே நிலை தடுமாறும்.

அதனால் முடிவைத் தரையிலேயே எடுப்பது நல்லது. விமானிகளிடையே ஒரு கணக்கு இருக்கிறது: பாதி ஓடுபாதை கடக்கும்போது, எழும்பத் தேவையான வேகத்தில் 70 சதவீதமாவது வந்திருக்க வேண்டும். வரவில்லையா, எஞ்சினைத் தணித்து பிரேக் போட்டுவிட வேண்டும். திரும்பி வந்து கொஞ்சம் மருந்தை இறக்கிவிட்டு மறுபடி கிளம்பலாம்.