பைக்கில் பொருத்தும் வழிகாட்டித் திரை: எதைப் பார்த்து வாங்குவது?

போனை ஹேண்டில்பாரில் மாட்டி வழி பார்த்து ஓட்டுகிறவர்கள் ஏராளம். அந்த இடம் போனுக்கு ஏற்ற இடம் அல்ல. சக்தி வாய்ந்த பைக் எஞ்சின்களின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாகப் போனுக்குப் போனால் கேமராவின் செயல்திறன் குறையலாம் என்று 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. கை நடுங்கினாலும் படம் கலங்காமல் இருப்பதற்காக, பல போன்களின் கேமராவில் லென்ஸோ சென்சாரோ நகரும்படி அமைந்திருக்கும். நடுக்கத்தை உணர்ந்ததும், காந்த விசை அதை எதிர்த்திசையில் நகர்த்தும். ஒற்றை சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றினால், நொடிக்கு 100 அதிர்வு. அத்தனை நுட்பமான பொறியை மணிக்கணக்கில் இப்படி உலுக்கினால் என்ன ஆகும்?

வெயில் இன்னொரு தொல்லை. ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரைதான். சூடு ஏறினால் போன் தன்னைக் காத்துக்கொள்ளத் திரையின் வெளிச்சத்தைத் தானே குறைத்துவிடும். வெளிச்சம் மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில் பார்த்து அது மங்கும்.

அதனால்தான் போனைப் பாக்கெட்டில் வைத்துவிட்டு, படத்தை மட்டும் ஹேண்டில்பாருக்குக் கொண்டுவரும் தனித்திரைகள் வந்தன. இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகை போன் திரையை அப்படியே நகலெடுத்துக் காட்டும். போன் திரை அணையாமல் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். நடுவில் ஒரு செய்தி வந்தால் அதுவும் சேர்ந்து தெரியும். இரண்டாவது வகைதான் கார்களுக்காக 2014இல் வந்த ஆப்பிள் கார்பிளே, 2015இல் வந்த ஆண்ட்ராய்டு ஆட்டோ. இவற்றில் போன் தன் நினைவகத்துக்குள் இரண்டாவதாக ஒரு திரையை வரைகிறது. அது போனில் தெரியாது. வரைந்ததை வீடியோவாகச் சுருக்கி வெளியே அனுப்பிவிடும். போன் பூட்டிய நிலையில் பாக்கெட்டில் இருக்கலாம். பொத்தான்கள் பெரிதாக இருக்கும். கவனத்தைச் சிதறடிக்கும் செயலிகள் அங்கே வராது. பைக்கில் கார்பிளே முதலில் வந்தது 2018 ஹோண்டா கோல்டு விங்கில். இப்போது எந்த பைக்கிலும் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். வாங்குவதாக இருந்தால் இந்த இரண்டாவது வகையையே வாங்குங்கள்.

கம்பியில்லாமல் இது நடக்கும் விதம் அழகானது. முதலில் புளூடூத்தில் போனும் திரையும் ஒன்றையொன்று அடையாளம் காண்கின்றன. ஆனால் வழக்கமான புளூடூத்தின் உச்ச வேகமே நொடிக்கு 3 மெகாபிட்தான். ஓடும் வீடியோவுக்கு அது போதாது. அதனால் திரை தன்னுடைய வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் புளூடூத் வழியாகவே போனுக்குக் கொடுத்துவிடும். போன் அந்த வைஃபைக்குத் தாவும். படம், பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், அதில் ஓடத் தொடங்கும். நீங்கள் திரையைத் தொட்டால், தொட்ட இடம் எது என்று சொல்லும் எண்கள் மட்டும் போனுக்குத் திரும்பிப் போகும். நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அது இந்த அலைகளை நன்றாக உறிஞ்சும். பின்பாக்கெட்டில் போனை வைத்தால் படம் விக்குகிறது என்றால் காரணம் இதுதான். மார்புப் பாக்கெட்டுக்கோ, பெட்ரோல் டேங்க் மேல் கட்டும் பையினுள்ளோ மாற்றிப் பாருங்கள்.

படம் வந்துசேர நொடியில் ஒரு சிறு பங்கு தாமதமாகும். 0.2 நொடி என்றே வைத்துக்கொண்டாலும், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அது 3 மீட்டர் சொச்சம்தான். வழி காட்டுவதற்கு அது ஒரு பொருட்டே அல்ல.

ஆக, வரைபடம், பாதைக் கணக்கு, இணையம் எல்லாம் போனிடம்தான் இருக்கின்றன. திரையின் வேலை வரும் வீடியோவை விரித்துக் காட்டுவது மட்டும். எட்டுக் கரு கொண்ட புராசஸர், இவ்வளவு ராம் என்று பெட்டியில் அச்சடித்திருப்பதற்குப் பணம் கொடுப்பது வீண். தெளிவுத்திறனும் அப்படித்தான். நல்ல பார்வை உள்ள கண்ணுக்கு ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குவரைதான் பிரித்துப் பார்க்க முடியும். 60 சென்டிமீட்டர் தூரத்தில் அது சுமார் 0.17 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்துக்கு ஏறத்தாழ 145 புள்ளி. சாதாரண 5 அங்குல 800×480 திரையிலேயே அங்குலத்துக்கு 187 புள்ளி இருக்கிறது. அதற்கு மேல் கொடுப்பதைக் கண் வாங்கிக்கொள்ளாது.

அப்படியானால் காசு எங்கே போக வேண்டும்? என் கணக்கில் முதலில் வெளிச்சத்துக்கு, அடுத்து தண்ணீருக்கு.

திரையின் ஒளிர்வை நிட்ஸ் என்ற அலகில் சொல்வார்கள். 1000 நிட்ஸ் என்று போட்டிருந்தால் நல்லது என்று வாங்கிவிடுகிறோம். வெயிலில் திரை தெரியாமல் போவதற்கு ஒளிர்வு குறைவு என்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, கண்ணாடியில் பிரதிபலிக்கும் வானம். காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். மலிவான திரைகளில் மேல் கண்ணாடிக்கும் கீழே உள்ள எல்சிடி தகட்டுக்கும் நடுவே மெல்லிய காற்று இடைவெளி இருக்கும். கண்ணாடியின் மேல்பரப்பு, அடிப்பரப்பு, எல்சிடியின் மேல்பரப்பு என்று பிரதிபலிக்க மூன்று இடம்; மொத்தம் 12 சதவீதம். அந்த இடைவெளியை ஒளி ஊடுருவும் பசையால் நிரப்பி ஒட்டிவிட்டால், உள்ளே இருக்கும் இரண்டு பரப்புகளும் ஏறக்குறைய காணாமல் போய், வெளிப்பரப்பின் 4 சதவீதம் மட்டும் மிஞ்சும்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். பளிச்சென்ற பகல் வானத்தின் ஒளிர்வை 5000 நிட்ஸ் என்று கொள்வோம். ஒட்டாத திரையில் பிரதிபலிப்பு 600 நிட்ஸ், ஒட்டிய திரையில் 200. 1000 நிட்ஸ் திரை ஒட்டாததாக இருந்தால், வெள்ளை இடம் 1600 ஆகவும் கறுப்பு இடம் 600 ஆகவும் தெரியும், வேறுபாடு 2.7 மடங்கு. வெறும் 500 நிட்ஸ் திரையை ஒட்டியிருந்தால் 700க்கு 200, அதாவது 3.5 மடங்கு! பாதி ஒளிர்வு கொண்ட திரை முழு ஒளிர்வு கொண்டதைவிடத் தெளிவாகத் தெரிகிறது. மின்சாரச் செலவும் சூடும் கூடக் குறையும். காற்று இடைவெளி இல்லாததால் உள்ளே ஆவி படிந்து பனிமூட்டம் கட்டும் பேச்சும் இல்லை. விற்பவரிடம் ‘ஆப்டிகல் பாண்டிங்’ செய்த திரையா என்று கேளுங்கள். நிட்ஸ் கேள்வி அப்புறம்.

போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போடுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எல்சிடியிலிருந்து வரும் ஒளி ஒரே தளத்தில் அதிர்வது. கூலிங் கிளாஸும் ஒரு தளத்தில் அதிரும் ஒளியைத்தான் உள்ளே விடும். இந்த இரண்டு தளங்களும் 45 பாகை விலகினால் பாதி ஒளிதான் கண்ணுக்கு வரும். 90 பாகை விலகினால் திரை கறுத்துப்போகும். எந்த விவரக் குறிப்பைப் படிப்பதைவிடவும், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை ஒருமுறை நேரில் பார்ப்பது மேல்.

அடுத்து தண்ணீர். ஐபி என்பது தூசியையும் நீரையும் தாங்கும் தரத்தின் குறியீடு; அதில் இரண்டாவது எண் நீருக்கானது. ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். ஆனால் அந்தச் சோதனை அசையாத தண்ணீரில் நடப்பது. பீய்ச்சி அடிக்கும் நீருக்கு 5, 6 என்று முடியும் வேறு சோதனைகள் உண்டு. 67 வாங்கிய கருவி 66ஐயும் தாண்டும் என்று உறுதியில்லை. மழையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது திரை வாங்குவது முன்னாலிருந்து அறையும் நீரை. வாட்டர் சர்வீஸ் அழுத்தம் இன்னும் மோசம். ஐபி66, ஐபி67 இரண்டும் சேர்த்துப் போட்டிருந்தால் நிம்மதி. வெயிலில் 60 டிகிரிக்குச் சூடான பெட்டி, திடீர் மழையில் 25 டிகிரிக்குக் குளிர்ந்தால், உள்ளே உள்ள காற்றின் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அந்த இழுப்பில் ரப்பர் சீல் ஓரமாகத் தண்ணீர் உள்ளே போகும். நல்ல தயாரிப்புகளில் காற்றை விட்டு நீரைத் தடுக்கும் சின்னச் சவ்வு ஒன்றைப் பின்புறம் வைத்திருப்பார்கள். அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டி அடைத்துவிடாதீர்கள்.

தொடுதிரை, விரல் தொடும்போது தன் மின்புலத்தில் ஏற்படும் மாற்றத்தை உணர்ந்துதான் வேலை செய்கிறது. தடித்த கையுறை அதை மறைத்துவிடும். மழைத்துளியோ விரல்போல நடிக்கும். ஹேண்டில்பாரில் மாட்டும் சிறு ரிமோட் கூடவே வந்தால் மிகவும் நல்லது. எப்படியும் ஓடும்போது திரையைப் பார்க்கும் நேரம் குறைவாக இருக்க வேண்டும்: 60 கிலோமீட்டர் வேகத்தில் 2 நொடி கண்ணைத் திருப்பினால் 33 மீட்டர் கடந்திருப்பீர்கள். காதில் கேட்டு ஓட்டுவதே சரி. அதில் ஒரு நெளிவு உண்டு. கார்பிளே ஓடும்போது போன் ஒலியையும் திரைக்கே அனுப்பிவிடும். அங்கிருந்து, ஹெல்மெட்டுக்குள் காதருகே ஒலிக்கும் இன்டர்காமுக்குத் திரைதான் புளூடூத்தில் அனுப்ப வேண்டும். உங்கள் இன்டர்காமோடு அது இணைகிறதா என்று வாங்கும் முன்பே சோதித்துவிடுங்கள்.

மின் இணைப்பில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். திரையின் கம்பிகளில் ஒன்று பேட்டரிக்கு நேராகவும், ஒன்று சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இடத்துக்கும், ஒன்று எர்த்துக்கும் போகும். மெக்கானிக் வேலை சீக்கிரம் முடிய முதல் இரண்டையும் ஒன்றாக முறுக்கி பேட்டரியில் கொடுத்துவிட்டால், சாவியை எடுத்த பிறகும் திரை உறங்காது. வெறும் 10 மில்லியாம்பியர் குடித்தாலும் நாளுக்கு 0.24 ஆம்பியர்-மணி, சின்ன பைக்கின் 4 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி எட்டு நாளில் போய்விடும். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி நடுவே மல்டிமீட்டரை மில்லியாம்பியர் அளவில் வைத்துப் பாருங்கள். ஓரிரு மில்லியாம்பியருக்குள் இருந்தால் சரி. மீட்டர் நடுவில் இருக்கும்போது மட்டும் சாவியைப் போட்டுவிடாதீர்கள், அதன் ஃபியூஸ் போய்விடும்.