குளிர் மலையின் வெயிலும் பிரியாத கலங்களும்

இலங்கையின் தேயிலை மலைநகரான நுவரெலியாவில் வெயில் உறைப்பதில்லை. ஆனாலும் கொழுந்து பறிப்பவர்களின் முகமும் புறங்கையும் கறுத்துப்போகின்றன. குளிருக்கும் புற ஊதாக் கதிருக்கும் சம்பந்தமில்லை. ஆயிரம் மீற்றர் ஏறினால் அந்தக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். நுவரெலியாவோ 1,868 மீற்றர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மெல்லிய மேகமும் அதைப் பெரிதாகத் தடுக்காது.

கதிர் பட்டதும் டிஎன்ஏ இழையில் அடுத்தடுத்து இருக்கும் தைமின் என்ற இரண்டு எழுத்துகள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ள, இழை அங்கே கோணிவிடுகிறது. கலம் (செல்) இரண்டாகப் பிரியும்போது இந்தக் கோணலைத் தவறாகப் பிரதியெடுத்தால் பிழை நிலைத்துவிடும். புற்றுநோய்ப் பேச்செல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது பிரியாத கலங்களின் கதை. உள்தோலில் கொலாஜன் என்ற தாங்கு புரதத்தைச் சுரக்கும் நாரரும்பர் கலங்கள் பெரும்பாலும் பிரியாமல் நெடுங்காலம் இருப்பவை. மேல்தோல் கலங்களைப் போல உதிர்ந்து தப்பிக்கும் வழி அவற்றுக்கு இல்லை.

கோணிய துண்டைச் சுமார் 30 நியூக்கிளியோடைட்டுகளோடு, அதாவது டிஎன்ஏ எழுத்துகளோடு, வெட்டியெடுத்து, எதிர் இழையைப் பார்த்து இடைவெளியை நிரப்புவதுதான் திருத்தம். இதன் பொறிமுறையை விளக்கியதற்காக அஸீஸ் சஞ்சார் 2015இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பிரியாத கலத்துக்கு இதில் ஒரு நெருக்கடி உண்டு. நிரப்பத் தேவையான மூலப்பொருளைக் கலங்கள் பிரதியெடுக்கும் வேளையில்தான் தாராளமாகத் தயாரிக்கின்றன. மற்ற நேரத்தில் கையிருப்பு சொற்பம். அதனால் நிரப்பும் வேலை இழுபடுகிறது. இரண்டு இழைகளுமே அறுந்துபோனாலோ பார்த்துத் திருத்த இன்னொரு பிரதியும் கிடையாது. முனைகளை அப்படியே ஒட்டவேண்டியதுதான். ஓரிரு எழுத்துகள் தொலைவதும் உண்டு.

ஆகவே கலம் முன்னுரிமை பார்க்கிறது. தோட்டத்து வீதியில் பஸ் புதைந்த பள்ளத்துக்குத்தான் முதலில் கல் கொட்டுவார்கள், இல்லையா? மரபணுவை வாசித்து ஆர்என்ஏ எழுதும் நொதி கோணலில் முட்டி நின்றுவிட்டால், அந்த நிற்றலே திருத்தும் புரதங்களை அழைக்கிறது. வாசிக்கப்படாத பகுதிகளின் பழுது மெதுவாகவே கவனிக்கப்படுகிறது.

இதற்குச் சான்று இரண்டு அரிய பரம்பரை நோய்கள். டிஎன்ஏ முழுவதையும் தேடித் திருத்தும் வழி பழுதான ஒருவகைச் செரோடெர்மா பிக்மென்டோசத்தில் இளவயதிலேயே தோல் புற்றுநோய் வருகிறது. முட்டிநின்ற இடத்தைத் திருத்தும் வழி பழுதான கொக்கேய்ன் நோய்க்குறியில் வெயில் தாங்காது, வளர்ச்சி குன்றும், பிரியாத நரம்புக் கலங்கள் நலியும். ஆனால் தோல் புற்றுநோய் கூடுவதில்லை.