டிஸ்ப்ளே மாற்றியபின் கைரேகை ஏன் வேலை செய்வதில்லை?

திரைக்கு அடியில் கைரேகை சென்சார் உள்ள போன் உடைந்தால், கடையில் விலையைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: போடப்போவது ஓஎல்இடியா (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை), டிஎஃப்டியா (பின்னால் உள்ள விளக்கால் ஒளிரும் எல்சிடி திரை)? மலிவாகக் கிடைக்கும் காப்பி காம்போக்கள் (டிஸ்ப்ளேயும் டச்சும் சேர்ந்த பேனல்கள்) பல டிஎஃப்டி எல்சிடிதான். படம் தெரியும், டச் ஓடும், கைரேகை மட்டும் எடுக்காது.

பல போன்களில் இருப்பது ஒளியால் இயங்கும் ஆப்டிகல் சென்சார்; அது திரைக்குக் கீழே இருக்கும் சிறிய கேமரா போன்றது. திரையின் வெளிச்சம் விரலில் பட்டுத் திரும்பி, ஓஎல்இடி பிக்சல்களின் இடைவெளி வழியாகக் கீழே இறங்கி அதை அடைகிறது. சாதாரண எல்சிடியில் பேக்லைட் (பின்விளக்கு) தாள்கள் அந்த வழியை அடைத்துவிடும். எந்த செட்டிங்கை மாற்றினாலும் பலன் இருக்காது.

2019இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்10 போன்றவற்றில் வேலை செய்வது ஒளி அல்ல, காதுக்குக் கேட்காத மீயொலி (அல்ட்ராசோனிக்). சென்சார் பேனலின் முதுகிலேயே ஒட்டியிருக்கும். அதை உரித்துப் புதிய பேனலில் ஒட்டும்போது நடுவில் ஒரு காற்றுக்குமிழி சிக்கினாலும் ஒலி அங்கேயே நின்றுவிடும். சென்சாரோடு சேர்ந்து வரும் பேனலையே வாங்குங்கள், கூடுதல் விலைக்கு அது தகும்.

பிரிக்கும்போது பேட்டரி கனெக்டரை முதலில் கழற்றுங்கள். சென்சார் திரையின் கீழ்ப்பகுதியில் இருப்பதால் அங்கே பிக்கை (திரையைப் பிரிக்கும் மெல்லிய தகட்டை) ஆழமாக நுழைக்கக் கூடாது. சென்சார் லென்சில் பசையோ விரல் அழுக்கோ படக்கூடாது. புதிய பேனலின் பின்பக்கம் சென்சாருக்கான ஜன்னலில் பாதுகாப்புத் தாள் இருந்தால் உரித்துவிடுங்கள். பசை போடும் முன்பே பேனலை இணைத்து ஒரு விரலைப் பதிந்து பாருங்கள். ஒட்டியபின் தெரிய வந்தால் மறுபடி சூடு வைத்துப் பிரிக்க வேண்டும், அதில் நல்ல ஓஎல்இடியும் விரிசல் விடலாம்.

ஒரிஜினல் பேனல் போட்டும் எடுக்கவில்லையா? கேலிபிரேஷன் (புதிய திரைக்கேற்ப சென்சாரைச் சரிப்படுத்துவது) பாக்கி இருக்கலாம். பிக்சல் 6 முதலான பல பிக்சல் போன்களுக்கு கூகுளே இணையத்தில் அதற்கான கருவி தந்திருக்கிறது. பல ஆண்ட்ராய்டு போன்களில் சர்வீஸ் மெனுவில் இருக்கும். முடித்ததும் பழைய ரேகைகளை நீக்கிப் புதிதாகப் பதியுங்கள்.

ஐபோன் 5எஸ் முதல் 8 வரை கதை வேறு. டச் ஐடி உள்ள ஹோம் பட்டன் அந்தந்த போனின் மெயின் போர்டோடு ஜோடி சேர்ந்தது. பழைய திரையிலிருந்து அதே பட்டனைச் சூடு காட்டி மெல்ல எடுத்துப் புதியதில் பொருத்த வேண்டும். அதன் ஃபிளெக்ஸ் (மெல்லிய நாடா கேபிள்) கிழிந்தால், கடையில் வாங்கும் வேறு பட்டனில் டச் ஐடி வராது.